ஒரு பிடி புல்

2024 செப்டம்பர் 18, புதன். இன்று ஒரு சிறு தவறு. தேன்பெட்டிகளுக்குச் சீனிப்பாகு ஊற்றுவதைப் பொழுது சாய்வதற்கு முன்பே, மூன்றரை மணி வெயிலில் செய்துவிட்டேன். மாலை வகுப்புக்குப் பஸ் பிடிக்க வேண்டியிருந்தது. இனி வகுப்புள்ள நாளில் பாகு ஊற்றக் கூடாது.

டைரியில் எழுதி முடித்து அடிக்கோடு போட்டபோது, இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்றுதான் ஷிபாவுக்குத் தோன்றியது.

சிதறால் மலைக்குக் கீழே, கிருஷ்ணமணி முதலாளியின் ரப்பர் தோட்டத்தில் அவளுடைய பெட்டிகள் இருந்தன. அப்பா இறந்த பிறகு அவளும் அம்மாவும் பிழைப்பது அவற்றை வைத்துத்தான். அதே தோட்டத்தின் தெற்கு ஓரத்தில் பக்கத்து வீட்டு ஜஸ்டஸின் பெட்டிகள். தை, மாசியில் ரப்பர் துளிர்த்து இலைக்காம்பில் தேன் கசியும்வரை தேனீக்களுக்குத் தீனி கிடையாது. பாகு காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி, ஈ மூழ்கிச் சாகாமலிருக்க ஈர்க்குத் துண்டுகளை மிதக்கவிட்டுப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். அதையும் ஈக்கள் கூடடைந்த பிறகே வைக்க வேண்டும். பகலில் வைத்தால் இனிப்பு மணத்தில் வெறி பிடித்து, வலுவுள்ள கூட்டின் ஈக்கள் அக்கம்பக்கத்தில் வலுவில்லாத கூட்டுக்குள் புகுந்து கொள்ளையடித்துவிடும். இருக்கிற தேனும் போனால், மிஞ்சிய ஈக்கள் ராணியோடு கூட்டை விட்டுப் பறந்துவிடும்.

அந்த ஆண்டு ஷிபாவின் கூடுகள் வலுவாக இருந்தன. ஜஸ்டஸின் கூடுகள் நலிந்திருந்தன. மனைவி குளோரிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்து, ஆவணி முழுவதும் ஜஸ்டஸ் அவளுக்குத் துணையாக நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இதற்கிடையே ரப்பர் பால்வெட்டுக்கு வருகிறவர்களை ஈ கொட்டுகிறது என்று முதலாளி சலித்துக்கொண்டார். வரும் சீசனுக்குத் தோட்டத்தில் ஒருவர் பெட்டி போதும், யார் கூடு வலுவோ அவருக்கு, சனிக்கிழமை வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ரப்பர் தோட்டம் இல்லாதவனுக்குத் தேன்பெட்டி வெறும் பலகைதான். அது ஷிபாவுக்கும் தெரியும், ஜஸ்டஸுக்கும் தெரியும்.

வியாழக்கிழமை காலையில் ஜஸ்டஸின் பெட்டிகள் காலியாகக் கிடந்தன. வாசல்களுக்குக் கீழே செத்த ஈக்கள் தவிடுபோலக் குவிந்திருந்தன. பால்வெட்டும் பகவதியப்பன் கத்தியைத் துடைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார். ஜஸ்டஸ் சின்ன வயதில் காட்டு ஈக்கூட்டை ஓலைச்சூட்டு கட்டி எரித்துத் தேனெடுத்தவன், அந்தக் கர்மம் சும்மா விடுமா என்று தீர்ப்புச் சொன்னார். முந்தின மாதம் தன் மகனுக்கு பைக்கில் கால் ஒடிந்தபோது இதே பகவதியப்பன் ரோட்டைத்தான் குறை சொன்னார். ஷிபா ஒன்றும் பேசவில்லை. பேசாமலிருந்தது நாகரிகம் என்று நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை வகுப்பு. மார்த்தாண்டத்தில் ஒரு நூலக மாடியில் இந்தியத் தத்துவம் பற்றி மாலைநேரப் பாடம் நடந்துவந்தது. பகலில் மின்வாரியத்தில் வேலை பார்க்கும் குமாரதாஸ்தான் ஆசிரியர். அந்த வாரம் பௌத்தம். நமக்கு வந்து சேர்வதையெல்லாம் கர்மம் என்கிறோம், பௌத்தர்கள் அப்படிச் சொல்வதில்லை என்றார் அவர். மனம் அறிந்து, விரும்பி ஒன்றைத் தொடங்குகிறதே, அந்த உந்துதல்தான் கர்மம். தெரியாமல் எறும்பை மிதித்தவன் எறும்பைக் கொன்றவனாக மாட்டான்.

"சார், அப்போ கொசு பேட்டு?" என்றாள் முன்வரிசை நந்தனா. "கொசுதானே வந்து விழுது?"

"பேட்டுக்கு சார்ஜ் போட்டது யாரு, கொசுவா?"

வகுப்பு சிரித்தது. ஷிபாவும் சிரித்தாள். இரண்டு நாளாக நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ எடுத்து வெளியே போட்டதுபோல இருந்தது. அவள் விரும்பிச் செய்யவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அவ்வளவுதான்.

ஆனால் எதையும் வரிசைப்படுத்திப் பார்க்கும் புத்தி அவளுக்கு. வகுப்பு முடிவதற்குள் புதன்கிழமையை முதலிலிருந்து அடுக்கத் தொடங்கினாள். பாகு ஊற்றினேன். பாத்திரத்தைக் கழுவினேன். பிறகு நேராகப் பஸ்ஸுக்குப் போனேன். இல்லை. கழுவிவிட்டு நிமிர்ந்தபோது தெற்கு ஓரத்தைப் பார்த்தேன்.

பார்த்தாள். ஜஸ்டஸின் பெட்டி வாசல்களில் ஈயும் ஈயும் கட்டிப் புரண்டு விழுந்துகொண்டிருந்தன. அது என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு ஈ நுழையும் அளவுக்கு இடம் விட்டு வாசலில் ஒரு பிடி புல்லை அடைத்து, பெட்டிமேல் ஈரச்சாக்கைப் போட்டால் கொள்ளை அடங்கிவிடும். புல் காலடியில் கிடந்தது. இந்தப் பஸ்ஸை விட்டாலும் அடுத்த பஸ் இருந்தது. அவள் நின்றாள். அப்போது மனதில் ஒரு வாக்கியம் வந்தது, தெளிவாக, முழுசாக: இது இப்படியே நடந்தால் தோட்டம் எனக்கு. அதன் பிறகுதான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்ததும், அன்றைய பாடத்தை நிம்மதியாகப் புரட்டிப் பார்த்ததும்கூட நினைவுக்கு வந்தன.

அறையைப் பூட்டிக்கொண்டிருந்த குமாரதாஸிடம் போய், ஒருவர் வேண்டுமென்று தொடங்காத கெடுதலைத் தடுக்க முடிந்தும் தடுக்காமல் போனால் அது எதில் சேரும் என்று கேட்டாள். அவர் சாவியைத் திருகியபடியே சொன்னார்: "அந்நேரம் அந்த ஆளுக்க மனசு என்ன சொல்லிச்சுங்கது அந்த ஆளுக்குத்தான் தெரியும். அதுக்கு நான் மார்க்கு போட முடியாதும்மா."

சனிக்கிழமை முதலாளி வந்து பார்த்தார். பார்ப்பதற்கு அதிகம் இருக்கவில்லை. தோட்டம் ஷிபாவுக்கு என்றார். அம்மா அன்று மீன் வாங்கி, தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்தாள். ஷிபா இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். பசித்தது என்பதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

ஞாயிறு, கோயிலில் ஆராதனை முடிந்து வந்ததும் ஜஸ்டஸ் அவளைக் கூப்பிட்டனுப்பினார். காலிப் பெட்டிகளை முற்றத்தில் கழுவிக் காயவைத்திருந்தார். குளோரி வயிற்றில் ஒரு கையை வைத்தபடி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாத்தையும் நீ எடுத்துக்க, மக்கா. இஞ்ச கிடந்தா கரையான்தான் திங்கும்."

ஷிபா பகலில் பாகு ஊற்றிய கதையைச் சொன்னாள். ஜஸ்டஸ் ஒரு பெட்டியைத் துணியால் துடைத்தார். பிறகு, கைத்தவறு எல்லாருக்கும் வரும், தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே பெட்டிகளைத் திறந்து பார்த்திருக்க வேண்டும், இது தன் கர்மம் என்றார். மன்னிப்பு அவ்வளவு சுலபமாகக் கிடைத்தது. வாங்கிக்கொண்டு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். அவளுக்குப் போகத்தான் ஆசை. ஆனால் அவர் மன்னித்தது அவள் செய்ததை அல்ல.

"உங்களுக்க கர்மம் இல்ல, மாமா. நான் பாத்தேன். உங்க பெட்டியில ஈ சண்டை போடுறத நின்னு பாத்தேன். அடைச்சிருக்கலாம். தோட்டம் எனக்குக் கிடைக்கட்டும்னு அடைக்காம போனேன்."

ஜஸ்டஸ் கையிலிருந்த துணியை மடித்தார். மறுபடி விரித்தார். பேசியது குளோரிதான்.

"எதுக்குட்டி இத வந்து சொல்லுத?"

ஷிபா வாய் திறப்பதற்குள் குளோரியே தொடர்ந்தாள்.

"சொல்லிட்டேல்லியா, இனி நீ உறங்கிருவ. இவரு மூணு நாளா யாரையும் குத்தம் சொல்லாம கிடந்தாரு. இனி உன்ன நெனச்சுகிட்டே கிடக்கணும்."

பெருகிய கூட்டை இரண்டாகப் பிரிக்கும்போது பாதி ஈக்களைக் கொண்டுவந்து தருகிறேன் என்று ஷிபா மெல்லச் சொன்னாள்.

"வேண்டாம்," என்றார் ஜஸ்டஸ். "உனக்க ஈக்கு எனக்க பெட்டிக்குப் போற வழி நல்லா தெரியும்."

அவர் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொட்டகைக்குள் வைக்கத் தொடங்கினார். உதவப் போன அவள் கையைத் தட்டவில்லை, பார்க்கவுமில்லை.

வீட்டுக்கு வந்து ஷிபா யோசித்தாள். உண்மைக்காகச் சொன்னாளா, தன் பாரத்தை இறக்கிவைக்கச் சொன்னாளா? குளோரி சொன்னதில் பாதியாவது சரி. தோட்டத்தை விட்டுக்கொடுத்தால் அதிலும், நல்லவள் என்று பேரெடுக்கும் ஆசை ஒரு மூலையில் இருக்கும், இப்போதே இருந்தது. விட்டுக்கொடுப்பதால் ஜஸ்டஸுக்கு ஒரு ஈகூடத் திரும்பி வராது. அம்மாவிடம் சொன்னால் அடுப்படியில் பாத்திரம் பறக்கும். மனம் சுத்தமாகட்டும் என்று காத்திருந்தால் சீசன் வந்துவிடும்.

அவள் எழுதினாள்:

நாளை, திங்கள். முதலாளி ரப்பர் பால் எடை போட வரும்போது தோட்டம் எனக்கு வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பார். அதையும் சொல்ல வேண்டும்.