தனி அடுப்பு

செண்பகமும் அவள் மருமகள் எழிலரசியும் ஒரே டிபன் கேரியரில் சாப்பிடுகிறவர்கள் என்பது ஆம்பூரில் அந்த ஷூ கம்பெனி முழுக்கத் தெரிந்த சங்கதி. மாமியாருக்கு பேக்கிங்கில் வேலை. ஷூவுக்குள் காகிதத்தைச் சுருட்டித் திணித்து, ஜோடி பார்த்துப் பெட்டியில் வைப்பாள். மருமகள் தையல் பிரிவு. மத்தியான மணி அடித்ததும் இருவரும் ஒரு மூலையில் உட்கார்ந்து கேரியரைப் பிரிப்பார்கள். மாமியார் மருமகள் என்று உங்களுக்கு யார் பேர் வைத்தது என்று சூப்பர்வைசர் குர்ஷித்கூடக் கேலி செய்வாள்.

தனி அடுப்பு வைக்கிற யோசனை செண்பகத்துடையதுதான்.

ஒரு ரேஷன் கார்டுக்கு ஒரு குடும்பத் தலைவி, ஒரு தலைவிக்கு அரசாங்கத்திடமிருந்து மாதம் ஆயிரம் ரூபாய். செண்பகத்தின் ஆயிரம் வாடகையோடு போய்விடும். எழிலரசிக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. வேலூரில் டாக்டரம்மா எழுதிக்கொடுத்த மாத்திரைக்கு மாதாமாதம் ஏறக்குறைய அதே ஆயிரம் வேண்டும். வேலூருக்குப் போய்வந்தது பெண்கள் இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும். தோல் லாரி ஓட்டும் மகன் மதியழகனிடம் கார்டு விஷயத்தை மட்டும் சொன்னார்கள்.

தனி கார்டு வேண்டுமென்றால் தனிச் சமையல் இருக்க வேண்டும். ஆபீசிலிருந்து வந்து பார்ப்பார்கள், அக்கம்பக்கத்திலும் விசாரிப்பார்கள் என்று மனு போட்ட இடத்தில் சொல்லியிருந்தார்கள். அதனால் தெரு அறிய ஒரு சண்டை போட்டாக வேண்டும் என்று செண்பகம் முடிவு செய்தாள். சனிக்கிழமை பீன்ஸ் நறுக்கிக்கொண்டே இருவரும் ஒத்திகை பார்த்தார்கள். குழம்பில் உப்பு ஜாஸ்தி என்று மாமியார் ஆரம்பிக்க வேண்டும், இனிமேல் ஆக்கிப்போட முடியாது என்று மருமகள் முடிக்க வேண்டும். எழிலரசி சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் தெருக்குழாயில் கூட்டம் சேர்ந்த சமயம் சண்டை தொடங்கியது. உப்பு வந்தது, பதில் வந்தது. ஆனால் யாரும் நம்பவில்லை. பக்கத்து வீட்டு அன்வரி பேகம் சிரித்தேவிட்டாள். உப்புக்கெல்லாமா சண்டை, வீட்டுக்குப் போங்க என்று சொல்லிவிட்டுக் குடத்தைக் குழாயடியில் நகர்த்தினாள். மற்றவர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆயிரம் ரூபாய் கைநழுவிப் போவது செண்பகத்தின் கண்ணுக்குத் தெரிந்தது. அவள் வாய் தானாகத் திறந்தது.

"உப்புக்கா சண்டை போடறேன்? மூணு வருஷமா வயித்துல ஒரு புழு பூச்சி இல்ல. இவளுக்கு நான் எதுக்கு வடிச்சுக் கொட்டணும்?"

அன்வரி பேகத்தின் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, அவள் அதை எடுக்கவில்லை. எழிலரசி தான் சொல்ல வேண்டியதை மறந்துவிட்டு, பாதி நிரம்பிய குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தாள். இதுவும் நல்லதுக்குத்தான், பார்க்க நிஜம் மாதிரியே இருக்கிறது என்று செண்பகம் அப்போது நினைத்தாள்.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும், எப்படி நம்ம நடிப்பு என்று கேட்டாள். எழிலரசி பரண்மேல் இருந்த ஒற்றை அடுப்பை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். பழைய பிசுக்கு, லேசில் போகவில்லை.

பத்து நாள் கழித்து விசாரணைக்கு வந்தவர் ஆதிகேசவன். ஓய்வுக்கு ஒன்றிரண்டு வருஷம் இருக்கும் மனிதர், வெயிலில் பைக்கில் வந்து களைத்திருந்தார். முன்னறையில் ஓர் அடுப்பு, பின்னறையில் ஓர் அடுப்பு. இரண்டையும் பற்றவைக்கச் சொல்லிப் பார்த்தார். அரிசி டப்பாக்களைத் திறந்து பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய் அன்வரி பேகத்தைக் கூப்பிட்டு, இவர்கள் நிஜமாகவே பிரிந்துதான் இருக்கிறார்களா என்று கேட்டார்.

"அத ஏன் சார் கேக்கறீங்க, பேஜாரு. புள்ள இல்லன்னு அந்தப் பொண்ண நடுத்தெருவுல நிக்கவெச்சுப் பேசிடுச்சு இந்தம்மா. நாங்கல்லாம் பார்த்துக்கினுதான் இருந்தோம்."

சாட்சி அதற்குமேல் தேவைப்படவில்லை. குடும்பத் தகராறு காரணமாகத் தனிச் சமையல் என்று அவர் எழுதுவதைச் செண்பகம் தலைகீழாகப் படித்தாள். எழிலரசி கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, அவர் செம்பைக் கீழே வைக்காமல் பேசினார்.

"முப்பது வருஷமா இதே வேலம்மா. அடுப்ப எண்றேன். புருஷன் நிஜமாவே வுட்டுட்டுப் போய்ட்டானான்னு பாக்கறேன். எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு, மனுஷனாப் பொறந்த ஒவ்வொருத்தருக்கும் மாசம் இவ்ளோன்னு குடுத்துட்டா இன்னா கெட்டுடும்?"

ரேஷன் அரிசியையும் நிறுத்திவிடுவார்களா என்று செண்பகம் கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதிலாகத்தான் அது என்றார் அவர். அப்படியானால் கடைக்காரன் அரிசி விலையை ஏற்றிவிடுவானே, நாங்கள் என்ன செய்வது என்று செண்பகம் இழுத்தாள்.

எழிலரசி அன்றைக்கு வாயைத் திறந்தது அப்போதுதான்.

"அரிசி போனாப் போவட்டும் சார். கஞ்சி குடிச்சிக்கலாம். காசுக்காக எங்க வூட்டு அசிங்கத்தத் தெருவுல காட்டத் தேவையிருக்காது இல்ல?"

ஆதிகேசவன் செம்பைக் கீழே வைத்தார். பிறகும் எப்போது வேண்டுமானாலும் சரிபார்க்க வருவார்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கார்டு வந்தது. எழிலரசி குடும்பத் தலைவி ஆனாள். முதல் பணம் பேங்க் கணக்கில் ஏறிய அன்று கம்பெனி பஸ்ஸில் பெண்களின் போன்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூவின. செண்பகத்தின் போனும் கூவியது. இரண்டு சீட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த எழிலரசியின் போனும் கூவியது. அவள் எடுத்துப் பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வாரச் சம்பள நாளன்று எழிலரசி கையில் புது டிபன் பாக்ஸோடு வந்தாள். ஓரடுக்கு, ஒரு ஆள் சாப்பிடுகிற அளவு.

அலமாரியில் டாக்டரம்மாவின் சீட்டு நாலாக மடித்தபடியே கிடந்தது. செண்பகம் அதை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். பணம் வந்துவிட்டதே, மாத்திரை வாங்கவில்லையா, இனி அந்த அடுப்பையும் பரண்மேல் ஏற்றிவிடலாமே என்று கேட்டாள். மறுபடியும் பார்க்க வருவார்கள் என்று சார் சொன்னாரே அத்தை என்று எழிலரசி வெங்காயத்தை நறுக்கியபடியே பதில் சொன்னாள். குரலில் கோபம் இல்லை.

"எழிலு, நான் அன்னிக்கு நாடகத்துக்குச் சொன்னதும்மா. நெசமாத் தெரியணுமேன்னுதான் சொன்னேன்."

"தெரியும் அத்தை." எழிலரசி கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "உப்புன்னு சொல்லணும்னு நாம எவ்ளோ வாட்டி சொல்லிப் பார்த்தோம்? இத நீங்க ஒரு வாட்டிகூடச் சொல்லிப் பாக்கல. தயாரா இருந்துச்சு."

செண்பகம் சீட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போனாள். அரிசி டப்பாவைத் திறந்து, பழக்கத்தில் மூன்று பேருக்கு அள்ளிவிட்டாள். பிறகு இரண்டு பங்கைத் திரும்ப டப்பாவில் கொட்டினாள்.