மொட்டுக் கிள்ளாத வருடம்

எட்னா எரிமலைச் சரிவில் எங்கள் பிஸ்தா மரங்களுக்கு ஒரு வருடம் வேலை, ஒரு வருடம் ஓய்வு. ஒற்றைப்படை ஆண்டில் காய் பறிப்போம். இரட்டைப்படை ஆண்டில் மொட்டுகளைக் கையால் கிள்ளி எறிவோம். மரமும் தேறும், பூச்சியும் பட்டினியில் ஒழியும். அந்த இரட்டைப்படை ஆண்டில் அகதினா மட்டும் கிள்ளவில்லை.

அவள் கணவன் பிளாசிதோ ஜெர்மனியில் கார் தொழிற்சாலையில் இருந்தான். அடுத்த அறுவடைவரை பிரிந்திருக்க முடியாது, நிலத்தை விற்றுவிட்டுக் குழந்தையோடு வந்துவிடு என்றான். இந்த வருடமே காய்க்க வைத்துக் காட்டுகிறேன், நீ திரும்பி வா என்றாள் இவள். காய்க்கட்டும், பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டான்.

"உன் மரத்துப் பூச்சிக்கு நாங்க சோறு போடணுமா?" என்று சண்டைக்குப் போனார் அடுத்த தோட்டத்து நுன்சியோ.

"கடக்கரைக்காரி நான். மீனுக்கு ஓய்வு வருஷம் உண்டா அண்ணே?"

ஜூலையில் மலை உறுமியது. எட்னாவின் புகையைக் காற்று வழக்கமாகக் கிழக்கே தள்ளிவிடும். அன்று எங்கள் பக்கம் திரும்பியது. பகல் இருண்டு, கறுப்புக் கல்லும் சாம்பலும் மழையாகக் கொட்டின. ஓய்ந்ததும் நானும் நுன்சியோவும் அவள் தோட்டத்துக்குப் போனோம். ஒரு கிளையில்கூடக் காய்க்குலை இல்லை. அகதினா அடிமரத்துச் சாம்பலைக் கூட்டிக் கூட்டி மதிலுக்கு அப்பால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"மலை உனக்குக் கூலி வாங்காம மொட்டுக் கிள்ளிக் குடுத்திருக்கு," என்றார் நுன்சியோ. "அடுத்த வருஷம் பாரு, கிளை முறியக் காய்க்கும். அதிர்ஷ்டக்காரி!"

"இது அதிர்ஷ்டமா?" என்று என்னைக் கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை.

கைப்பேசி ஒலித்தது. கையெல்லாம் கரி; ஒலிபெருக்கியில் போட்டாள்.

"காய் இருக்கா?" என்றான் பிளாசிதோ.

"இல்ல. மலை கல்லாக் கொட்டி எல்லாம் உதிந்துடுச்சு. ஆனா அடுத்த வருஷம் நிறைய வருமாம். நல்லதுதான் நடந்திருக்குன்னு நுன்சியோ அண்ணன் சொல்றாரு. எனக்கு ஒண்ணும் புரியல."

"அடிமரத்துல சாம்பல் எவ்வளவு கெடக்கு?" என்றான் அவன்.

"நாலு விரல்."

"கூட்டித் தள்ளிடாத. வெயில்ல ஈரம் காக்கும். கரைஞ்சு மண்ணாக ரொம்ப வருஷமாகும், நம்ம பொண்ணு காலத்துக்கு ஆகும்."

"அப்ப நீ வர்றியா?"

"வேலைக்கு மணி அடிச்சுட்டான். அப்புறம் பேசுறேன்."

அகதினா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "வர்றேன்னு சொன்னானா, இல்லையா?"

"பொண்ணு காலம்னா வரத்தானே போறான்," என்றேன்.

"விக்கிறவனும் மண்ணைக் காட்டித்தான் விப்பான்," என்றார் நுன்சியோ.

"ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருக்கீங்களா?"

துடைப்பத்தை மரத்தில் சாய்த்துவிட்டு நின்றாள். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு மதிலைச் சுற்றிப் போய், தள்ளிய சாம்பலை அள்ளி வந்து முதல் மரத்தடியில் கொட்டினாள். சரிதானா என்று கேட்பதுபோல் எங்களைப் பார்த்தாள். நாங்கள் ஏதும் சொல்லுமுன் அடுத்த கூடைக்குப் போய்விட்டாள்.