வேலியில் கரண்டு

துணி காயப்போட வந்த புனிதாவின் முழங்கை வேலிக் கம்பியில் பட்டதும் சுரீரென்றது. எறும்பு கடித்ததாக நினைத்து உதறினாள். மறுபடி பட்டது. இந்த முறை தோள்வரை ஏறியது.

கணவன் சசிதரன் செனாவாங் தொழிற்சாலையில் பகல் ஷிப்டில் இருந்தான். அவனுடைய சாமான் பெட்டியில் முதலில் கைக்கு வந்தது மரப்பிடி போட்ட ஸ்க்ரூ டிரைவர். அதன் இரும்பு பிடிக்குள் ஊடுருவி மேல்முனையில் தலை நீட்டியிருந்தது. கரண்டு நேராகக் கைக்கு வந்துவிடும் என்று அதை அப்படியே வைத்துவிட்டு, கரண்டு இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் பென்னை எடுத்தாள். பிடியின் கொண்டையில் விரல் வைத்தால்தான் அதன் விளக்கு எரியும். "கொஞ்சூண்டு கரண்டு நம்ம ஒடம்பு வழியா போவுது லா, அதான் எரியுது. உள்ள தடை வச்சிருக்கான், பயப்படாத" என்று சசிதரன் ஒருமுறை சொல்லியிருந்தான். சொல்வதற்கென்ன. ரப்பர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி முனையைக் கம்பியில் வைத்தாள். பிடிக்குள் சிவப்பாக எரிந்தது.

தீபாவளிக்குப் பக்கத்து வீட்டுக் கோமளா வேலியில் கட்டிய விளக்கு வயர் வெயிலிலும் மழையிலும் நைந்து, கம்பியோடு ஒட்டிக் கிடந்தது.

கோமளாவோடு பேச்சு நின்று இரண்டு வருஷம். புனிதா வீட்டுச் சமையலறைக் கூரை வெளியே நீள்கிறது என்று யாரோ நகராண்மைக் கழகத்தில் புகார் கொடுத்து, அதை இடிக்க வேண்டியதாயிற்று. யாரோ என்ன யாரோ, கோமளாதான் என்று புனிதா முடிவு கட்டியிருந்தாள். சசிதரன் வந்து சொல்லிக்கொள்ளட்டும், நமக்கென்ன என்று உள்ளே போகத் திரும்பினாள்.

அடுத்த வீட்டுப் பின்கதவு திறந்தது. கோமளா வெறுங்காலோடு, பிழியாத துணி வாளியைத் தூக்கிக்கொண்டு வேலியை நோக்கி வந்தாள்.

"அக்கா! கம்பிய தொடாதீங்க!"

அந்த 'அக்கா' எங்கிருந்து வந்தது என்று புனிதாவுக்கே தெரியவில்லை.

"ஏன், இதுவும் ஒன் எடமா? என் காசுல போட்ட வேலி லா" என்று கோமளா ஈரக் கையை நீட்டினாள்.

புனிதா டெஸ்ட் பென்னைக் கம்பியில் அழுத்தி, வெயில் படாமல் இன்னொரு கையால் மறைத்து, எரியும் விளக்கைக் காட்டினாள். கோமளாவின் கை பாதியில் நின்றது. வாளி நழுவிக் கவிழ்ந்தது.

"மொதல்ல மெயின் சுவிட்ச அடைங்க!"

கோமளா ஓடினாள். உள்ளே வாஷிங் மெஷின் முனகி அடங்கியது. புனிதா மறுபடி முனையை வைத்துப் பார்த்தாள். எரியவில்லை. திரும்பி வந்த கோமளா பின்படியிலேயே நின்றுவிட்டாள்.

"புனிதா... அந்தக் கூர விஷயம், நான்..."

புனிதா மேலே கேட்கவில்லை. கவிழ்ந்த வாளியின் சோப்புத் தண்ணீர் சிமெண்டில் ஊர்ந்து, வேலிக்கு அடியில் நுழைந்து, இந்தப் பக்கம் வந்து அவள் செருப்பைத் தொட்டது. அவள் காலை நகர்த்தவில்லை.