ஃப்யூஸ் இருந்த இடம்

பைக் சீட்டைப் பிடித்திருந்த இரண்டு போல்ட்டுகளில் ஒன்று சுலபமாகக் கழன்றது. மற்றது துருவேறி அசைய மறுத்தது. மெர்சி ஸ்பேனரை மாற்றிப் பிடித்துக் காலால் மிதித்தாள். வாசலில் பந்தல் போட்டவர்கள் அவளைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல வேலையைத் தொடர்ந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவின் உடல் சாயங்காலம்தான் வரும் என்றிருந்தார்கள். அதற்குள் பெண்பிள்ளை அவர் வண்டியைப் பிரித்துக்கொண்டிருப்பது நன்றாயில்லை என்று அத்தை ஒருத்தி வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

முந்தின நாள் இருட்டுக் கட்டியபின் மில்லுக்கு வாட்ச்மேன் வேலைக்குக் கிளம்பிய அப்பா சாலமோன், பள்ளத்துப் பாலத்தில் வண்டியோடு கீழே விழுந்துவிட்டார். பாலத்துக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. வேறெந்த வண்டியும் மோதவில்லை. போலீஸ்காரர்கள் படம் எடுத்துக்கொண்டு, பழைய வண்டிதானே என்று அதை வீட்டில் கொண்டுவந்து விட்டுப் போனார்கள்.

அத்தனை வருடம் ஓட்டிய பாதையில் எப்படி விழுந்தார் என்று சபை மூப்பர் வேதமணி காலையில் வந்து கேட்டார். அண்ணன் பிரவின்குமார் தலையைக் குனிந்துகொண்டு, "கொஞ்சம் போட்டிருந்தாருங்க போல" என்றான். மூப்பர் மேற்கொண்டு கேட்கவில்லை. குடித்துச் செத்தவர்களை அந்தச் சபையில் கோயிலுக்குள் கொண்டுபோவதில்லை. மணி அடிப்பதில்லை. கல்லறைத் தோட்டத்து கேட்டில் வைத்து ஒரு ஜெபம், அவ்வளவுதான். அப்பா ஒரு காலத்தில் குடித்தவர். அது ஊருக்கே தெரியும். விட்டுவிட்டது வீட்டுக்கு மட்டும் தெரியும். ஹெட்லைட் எரியாமல்தான் விழுந்திருப்பாரோ என்று மெர்சிக்குத் தோன்றியது.

மெர்சி பகலில் பம்ப் கம்பெனியில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவள். சாயங்காலம் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் படிக்கிறாள். பல்பில் ஆரம்பிக்காதே, பேட்டரியிலிருந்து வரிசையாக வா என்று வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் லேம்பைப் பையிலிருந்து எடுத்துப் பேட்டரியில் வைத்தாள். எரிந்தது. ஹெட்லைட்டுக்கு வரும் ஒயரில் வைத்தாள். எரியவில்லை. தான் வைத்த இடம்தான் தப்போ என்று சுரண்டிவிட்டு மறுபடி வைத்தாள். இல்லை.

டேங்குக்கு அடியில் ஒயர்கள் ஒன்றோடொன்று உருகிக் கரிக்கட்டையாகியிருந்தன. விழுந்ததில் அறுந்திருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அறுந்த ஒயர் இப்படி உருகாது.

ஃப்யூஸ் டப்பாவைத் திறந்தாள். உள்ளே ஃப்யூஸ் இல்லை. அந்த இடத்தில் செம்புக் கம்பியை நாலைந்து இழையாக முறுக்கி வைத்து மஞ்சள் டேப் சுற்றியிருந்தது. கிறிஸ்துமஸுக்கு வண்டியில் இரண்டு கூடுதல் விளக்கும் போன் சார்ஜரும் மாட்டியபோது பிரவின் இதே டேப்பைத்தான் வைத்திருந்தான். ஆனால் மஞ்சள் டேப் எந்தக் கடையில்தான் கிடைக்காது?

கம்பியை உருவி எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். பிரவின் சவப்பெட்டிக்காரரிடம் போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தான். அவள் உள்ளங்கையைப் பார்த்ததும் போனை வைத்தான்.

"நீ வெச்சதாண்ணா?"

"நெதமும் ஃப்யூஸ் போவுது, போவுதுன்னு அவருதான் சத்தம் போட்டாரு. அதான் வெச்சுப்போட்டேன்."

"ஃப்யூஸ் இருந்திருந்தா லோடு தாங்காம அது போயி, வாசல்லயே வெளக்கு நின்னிருக்கும். அப்பா வண்டிய எடுத்திருக்க மாட்டாரு. இந்தக் கம்பி போவாம, போற வழில ஒயரு உருகி வெளக்கு நின்னுருக்குது."

அவன் கம்பியை எடுக்கக் கை நீட்டினான். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"செரி, தெரியாம வெச்ச. அப்பா குடிச்சிருந்தாருன்னு ஏஞ் சொன்ன?"

"வெளக்கு எரியலன்னு சொன்னா ஆரு ஒயர் இழுத்ததுன்னு கேப்பாங்க அம்மணி." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "போனவருக்கு எங்க வெச்சு ஜெபம் பண்ணுனா என்ன? நானு இந்த ஊருல குடியிருக்கோணும்."

தொட்டி ஓரத்தில் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அம்மா அங்கேயேதான் நின்றிருந்தாள். வந்து மெர்சியின் விரல்களைப் பிடித்து, கம்பியை உள்ளே வைத்து, ஒவ்வொன்றாக மூடினாள்.

"போனவரு போயிட்டாரு கண்ணு. இருக்கறவனையும் தூக்கிக் குடுத்தராத."

மெர்சி கையை விடுவித்துக்கொண்டு நேராகப் பந்தலுக்குப் போனாள். மூப்பர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்ன கண்ணு என்று அன்பாகத்தான் கேட்டார். உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தவள் திரும்பிப் பார்த்தாள். அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆம்புலன்ஸ் எங்க வருதுங்க?" என்றாள் மெர்சி.

காரமடை தாண்டிவிட்டதாம் என்றார் அவர்.

கோயில் வழியாகத்தான் தூக்கிப் போனார்கள். கதவு சாத்தியிருந்தது. முன்னால் தோள் கொடுத்த பிரவின் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கல்லறைத் தோட்டத்து கேட்டில் பெட்டியை இறக்கி வைத்தபோது வெளிச்சம் மங்கிவிட்டது. மூப்பர் வேதப் புத்தகத்தைக் கண்ணருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், எழுத்துத் தெரியவில்லை என்றார்.

பிரவின்தான் போனை எடுத்து டார்ச்சைப் போட்டு உயர்த்திப் பிடித்தான். கடைசி ஆமென் வரைக்கும் அது அணையவில்லை.