அடுகோடி வரை போன பல்வேர்

1997 செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை, பிரேசர் டவுனில் காந்தாவின் கடைவாய்ப் பல்வேருக்குள் டாக்டர் ஓஸ்வால்ட் பீய்ச்சிய பிளீச் தண்ணீர், அடுகோடியில் அவள் தங்கை சுப்புலக்ஷ்மியின் வாயில் வந்து இறங்கியது. நடுவில் அல்சூர் ஏரி இருக்கிறது, பரேடு மைதானம் இருக்கிறது, ரிச்மண்ட் டவுன் இருக்கிறது, சிக்னலுக்குக் கணக்கே இல்லை. ஆட்டோவில் போனால் முக்கால் மணி நேரம் ஆகும். தண்ணீருக்கு அவ்வளவு ஆகவில்லை. நம்பாதவர்கள் தாராளமாக நம்பாமல் இருக்கலாம். அன்றைக்கு அடுகோடிச் சாக்கடையில் ஒரு அண்டா சாம்பார் ஓடியதைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறார்கள்.

காந்தா கான்வென்ட் பள்ளியில் ஆயா. பல்வலிக்கு மாதக்கணக்கில் லவங்கத்தை அடக்கிக்கொண்டே ஓட்டிவிட்டு, கன்னம் வீங்கிய பிறகுதான் டாக்டரிடம் போனாள். பல்லின் வேருக்குள் நூல் நுழைகிற அளவுக்கு ஒரு குழாய் உண்டு. அதில் அழுகியதைச் சுரண்டி எடுத்து, பிளீச் தண்ணீரால் கழுவி, காயவைத்து, ரப்பரால் அடைப்பது வழக்கம். பீய்ச்சிய தண்ணீர் வந்த வழியே திரும்ப வேண்டும். திரும்பாமல் வேர் நுனியைத் தாண்டிவிட்டால் நோயாளி அலறுவார், முகம் அங்கேயே உப்பிப்போகும். காந்தாவுக்குப் பீய்ச்சியது ஒரு சொட்டுகூடத் திரும்பவில்லை. எரியுதாம்மா, எரியுதாம்மா என்று நாலு தடவை கேட்டார் ஓஸ்வால்ட். “இல்லியே சார், சும்னே ஜில்லுனு இருக்கு” என்றாள் காந்தா. இன்னொரு சிரிஞ்சு போனது. அதுவும் போன இடம் தெரியவில்லை.

அடுகோடியில் சுப்புலக்ஷ்மி மெஸ் நடத்திவந்தாள். லேத் பட்டறைக்காரர்கள் அவள் சாம்பாருக்காகவே வரிசையில் நிற்பார்கள். எத்தனை படி பருப்பு போட்டாலும் அளவுக்கரண்டி கிடையாது, அவள் நாக்குதான் அளவு. அன்று கரண்டியை வாயில் வைத்தவளுக்கு வெளுத்த துணியின் நெடி குப்பென்று அடித்தது. கார்ப்பரேஷன் தண்ணீரைத் திட்டிக்கொண்டே அண்டாவைக் கவிழ்த்தாள். அடுத்த வியாழனும் அதேபோல நடந்தது. நாக்கு நுனி வெள்ளையாகிவிட்டது. அப்போதுதான் அவர்களுடைய சித்தப்பா மகன் நாணு, ஆட்டோ ஓட்டுகிறவன், சாப்பிட்டுக்கொண்டே சும்மா இல்லாமல், “காந்தாக்காவும் வியாழக்கிழமை பத்து மணிக்குத்தான் பல் டாக்டராண்ட போவுது” என்று சொல்லிவைத்தான். சுப்புலக்ஷ்மிக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்தது தப்பாக, அது வேறு விஷயம். அக்கா செய்வினை வைத்துவிட்டாள் என்று முடிவுகட்டினாள்.

அப்படி நினைக்க அவளுக்குக் காரணம் இருந்தது. 1991 டிசம்பரில் காந்தா வீட்டில் அம்மா இறந்தபோது ஊரெல்லாம் கலவரம், ஊரடங்கு. போலீஸ் மத்தியானத்துக்குள் எடுக்கச் சொன்னார்கள். தங்கைக்குத் தகவல் சொல்ல நாணுவை அனுப்பினால் அவனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று காந்தா பயந்து அனுப்பவில்லை. யாரோ சொல்லி, சந்து சந்தாக நடந்து சுப்புலக்ஷ்மி வந்து சேர்ந்தபோது வாசல் கழுவியிருந்தது. பெற்ற மகளுக்கு வாய்க்கரிசி போடக் கொடுத்துவைக்கவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

மூன்றாவது வியாழன் நாணுவின் ஆட்டோவிலேயே வந்து இறங்கி, செருப்போடு கிளினிக்குக்குள் நுழைந்தாள். “டாக்டர், அவகிட்ட நான் பேசமாட்டேன். நீங்களே கேளுங்க, எதுக்கு என் வாயில பினாயில் ஊத்தறான்னு!” நாற்காலியில் அக்கா கிடந்த கோலத்தைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கிவிட்டது. வீக்கம் கழுத்துக்கு வந்திருந்தது. ஓஸ்வால்ட் படித்த மனிதர், இதையெல்லாம் நம்பக்கூடாதவர். சோதனைக்காக வெறும் உப்புத் தண்ணீரை எடுத்துக் காந்தாவின் பல்லில் விட்டார். எதிரே நின்ற சுப்புலக்ஷ்மியின் கடைவாய்ச் சொத்தையிலிருந்து அது பொலபொலவென்று வழிந்து, சேலை முந்தானை நனைந்தது. டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நாணு முருகா முருகா என்று வாசலுக்கு ஓடினான். காந்தா அழுதாள். இத்தனை நாள் தங்கச்சி வாயிலா ஊற்றினோம் என்பதை அவளால் தாங்க முடியவில்லை.

பல்லைப் பிடுங்கிவிடலாம் என்று குறடு வைத்தால் சுப்புலக்ஷ்மியின் தாடையும் சேர்ந்து ஆடியது. பிளீச் இனி வேண்டவே வேண்டாம் என்றாள் காந்தா. கஷாயத்தில் பல் வைத்தியமா என்று கேலி பேசிவந்த ஓஸ்வால்ட், கடுக்காயும் நெல்லிக்காயும் தான்றிக்காயும் காய்ச்சி, துணியில் மூன்று தரம் வடிகட்டி அதைப் பீய்ச்சினார். சுப்புலக்ஷ்மி பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைச் சுளித்துக்கொண்டு துப்பினாள். வலி குறைந்தது, சீழ் குறையவில்லை. இரண்டே நாளில் காந்தாவால் எச்சில்கூட விழுங்க முடியவில்லை. இனி பிளீச்தான், இல்லையென்றால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். காந்தா வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். “டாக்டர், அவளுக்குச் சொல்லுங்க, வாயைத் தொறக்கச் சொல்லுங்க. ஊத்துங்க, நான் துப்பிக்கிறேன்” என்றாள் சுப்புலக்ஷ்மி. நாக்கை வைத்துப் பிழைக்கிறவள் அவள். ஒரு பாட்டில் முழுவதையும் வாங்கி வாங்கித் துப்பினாள். கண்ணில் தண்ணீர் தாரைதாரையாக ஓடியது, ஒரு தடவைகூடப் போதும் என்று கை காட்டவில்லை. அக்காவிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் ஆட்டோ ஏறிப் போய்விட்டாள்.

காந்தா பிழைத்தாள். சுப்புலக்ஷ்மியின் நாக்கு செத்தது. உப்பு, புளி, காரம் ஒன்றும் தெரியவில்லை, மெஸ்ஸில் கூட்டம் கரைந்தது. ஒருநாள் கான்வென்ட்டில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்த காந்தாவின் வாயில் திடீரென்று சாம்பார் ருசி ஊறியது. உப்பே இல்லாத சாம்பார். அடிப்பாவி என்று பதறி, காயின் போனுக்கு ஓடி, மெஸ்ஸுக்குப் பக்கத்து லேத் பட்டறைக்குப் போட்டு, தங்கையைக் கூப்பிடச் சொல்லிச் சொன்னாள்: “உப்பு பத்தலடி, ஒரு கைப்பிடி போடு.” அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. சற்று நேரத்தில் வாயில் உப்பு சரியாக இருந்தது.

அடுத்த தடவை ரப்பரால் அடைக்கத் தயாராக நின்ற ஓஸ்வால்ட்டிடம், அடைக்க வேண்டாம் என்று காந்தா சொல்லிவிட்டாள். மறுபடி சீழ் வைக்கும், விளையாடாதீங்க என்று அவர் மிரட்டிப் பார்த்தார். “அடைச்சுட்டா அவளுக்கு உப்பு யார் சார் பாப்பாங்க?” என்றாள். மாதம் ஒருமுறை கஷாயத்தால் கழுவுவது, பல்லின் வாசலுக்கு மட்டும் ஒரு மூடி என்று ஏற்பாடாயிற்று. தினமும் காலையில் போன் போனது. புளி ஏறிடுச்சு, காரம் கம்மி, ரசம் ஜோர். சுப்புலக்ஷ்மி வாயே திறக்காமல் கேட்டுவிட்டு வைப்பாள். பட்டறைக்காரர்கள் திரும்பி வந்தார்கள்.

டிசம்பரில் அம்மாவின் திதி அன்று காந்தாவின் வாயில் எந்த ருசியும் வரவில்லை. பத்து மணி, பதினொன்று, ஒன்றுமில்லை. தங்கைக்கு என்ன ஆயிற்றோ என்று அவளுக்கு உயிரே போய்விட்டது. அப்போது கான்வென்ட் ஆபீசில் ஆயாவுக்குப் போன் என்றார்கள்.

“இன்னைக்குப் படையல். வாயில வெச்சுப் பாக்கக் கூடாது இல்ல” என்றது சுப்புலக்ஷ்மியின் குரல். “நீயே வந்து உன் கையால உப்பு போட்டுட்டுப் போக்கா.”

காந்தா அரைநாள் லீவு சொல்லிவிட்டு நாணுவைத் தேடிப் போனாள்.