வில்லிக்கு நான் எழுதிய வசனம்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் அக்காவைத் திட்டுவதற்காகத் தொடங்கியது.

நான் டப்பிங் படங்களுக்கு வசனம் எழுதுகிறவன். போன மாதம் ஒரு ஜப்பானிய அனிமேஷன் படம் வந்தது. ஒரு சதுப்புநிலம்; அதைக் காக்கிற, முதுகில் நாணல் முளைத்த ஒரு கிழட்டு ஆமை; தண்ணீரை வடித்துவிட்டு அங்கே ஊர் கட்டப் பார்க்கும் ஒரு தலைவி. தலைவிக்குக் குரல் கொடுக்க வந்தவள் என் அக்கா.

(அவளை அமர்த்தியது நான் இல்லை. அவள் குரல் அப்படி. அதட்டினால் தெருநாய்கூட உட்கார்ந்துவிடும்.)

2

அந்த மரத்தின் நிழலில்தான் நானும் அக்காவும்...

வேண்டாம். இப்படித் தொடங்கினால் நானே படிக்கமாட்டேன்.

விஷயம் இதுதான். அம்மா வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய மரம் இருந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் அக்கா ஆள் வைத்து அதை வெட்டிவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போனில் கத்தினேன். நீயெல்லாம் மனுஷியா என்றேன். அன்றோடு பேச்சு நின்றது.

ஆகவே தலைவியின் வசனத்தில் கை வைத்தேன். மூலத்தில் அவள் தயங்குகிற இடத்திலெல்லாம் தயக்கத்தை எடுத்துவிட்டு, வாயசைவுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிற வன்மத்தைப் போட்டேன். தொழில் சுத்தம், பாருங்கள்.

3

ஒலிப்பதிவுக் கூடம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா. இந்தப் பக்கம் நானும் ஒலிப்பதிவாளரும். நாலாவது காட்சியில் அக்கா ஹெட்போனைக் கழற்றினாள்.

[இங்கே அவள் அழுததாக எழுதியிருந்தேன். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.]

"இவ இப்படிப் பேச மாட்டாடா," என்றாள். எட்டு மாதத்தில் என்னிடம் பேசிய முதல் வாக்கியம். "காய்ச்சல்ல குழந்தைங்க சாகுதுன்னுதான் தண்ணிய வடிக்கிறா. அப்பகூட ஆமை முகத்தைப் பாக்க முடியாம திரும்பிக்கிறா. அதை ஏன் எழுதல?"

கையிலிருந்த தாளைப் புரட்டினேன்.

"அந்த மரத்தோட வேர் வீட்டுத் தரையைத் தூக்கிடுச்சு. அம்மா ரெண்டு தடவை தடுக்கி விழுந்தாங்க. நீ வருத்தப்படுவேன்னு சொல்ல வேண்டாம்னுட்டாங்க." ஹெட்போனை மேசையில் வைத்தாள். "வெட்டுறப்ப நான் வீட்ல இல்ல. பஸ் ஸ்டாண்ட்ல போய் உட்கார்ந்துட்டேன்."

ஒலிப்பதிவாளர் நன்றாக இருந்த ஒரு வயரைக் குனிந்து சரிபார்க்கத் தொடங்கினார். நல்ல மனிதர்.

4

படத்தின் கடைசிக் காட்சியில் தலைவி ஆமையிடம் ஏதோ சொல்கிறாள். வாயசைவு ஆறு விநாடி.

முடிவு ஒன்று: அவள் மன்னிப்புக் கேட்கிறாள். (கேட்க வேண்டியவன் நான்.)

முடிவு இரண்டு: நான் உள்ளே ஓடிப்போய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு... சினிமா. கோடு போட்டு அடித்துவிட்டேன்.

நடந்தது இது. அன்று மத்தியானமே உட்கார்ந்து, எடுத்த தயக்கங்களையெல்லாம் திருப்பி வைத்தேன். கடைசி ஆறு விநாடியைக் காலியாகவே விட்டுத் தாளை அக்காவிடம் கொடுத்தேன். மன்னிச்சிடு என்று சொல்லத்தான் போனேன். "இதை நீயே பேசிடுக்கா, எனக்கு எழுத வரல," என்றுதான் சொல்ல முடிந்தது.

சிவப்பு விளக்கு எரிந்தது. டப்பிங்கில் கண் திரையை விட்டு நகரக்கூடாது. அக்கா என்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள்.

ஆறு விநாடி முடிந்தது. நிறுத்தப்போன ஒலிப்பதிவாளரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

என்ன சொன்னாள் என்று எழுதமாட்டேன். கூடப் பிறந்தவரோடு பேசாமல் இருந்தவராக இருந்தால் உங்களுக்கே தெரியும். இல்லையென்றால் உங்கள் மனதுக்குப் பட்டதைப் போட்டுக்கொள்ளுங்கள். திரையில் தலைவி எப்போதோ வாயை மூடிவிட்டாள். அக்கா இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள்.