வாங்காத அரிசி

அந்தச் சனிக்கிழமை சபை மூப்பர் வீட்டுக் கதவைத் திறந்தவள் பார்தியல். முழங்கை வரை சோப்பு நுரை. எங்கள் சபையில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று தனியே எடுத்துவைப்போம். வாரக் கடைசியில் மாதர் சங்கத்தார் சாக்கோடு வீடு வீடாகப் போய் வாங்குவோம். இப்போது அந்த அரிசி, எல்லையில் ஓடும் தியாவ் ஆற்றைத் தாண்டி உயிருக்குப் பயந்து ஓடிவந்தவர்களின் முகாமுக்குப் போகிறது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

பார்தியலும் ஓடிவந்தவள்தான். சபைக் கூடத்தில் பாயில் கிடந்தவளை, "மூப்பர் வீடு, நல்ல இடம்" என்று கைபிடித்து இங்கே கொண்டுவந்து விட்டவள் நான்தான். அதன்பின் அவளைக் கோயிலில் பார்க்கவில்லை. எல்லாரும் கோயிலுக்கு வந்துவிட்டால் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று மூப்பரின் மனைவி ஸோதான்புயி சொன்னபோது நானும் மண்டையை ஆட்டினேன்.

"அம்மா முகாம்ல படுத்த படுக்கையாக் கெடக்காங்களாம் அக்கா," என்றாள், உள்ளே ஒருமுறை பார்த்துக்கொண்டு. "போகணும். அகதி அட்டையும் போனும் இந்த வீட்டம்மா பீரோவுல இருக்கு. அட்டை இல்லாம வழியில விடமாட்டாங்க."

"சம்பளம் தர்றாங்களா?"

"சம்பளமா?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

ஸோதான்புயி அரிசிக் கிண்ணத்தோடு வந்தாள். என் கணவர் இறந்தபோது மூன்று நாள் என்னைவிட்டு நகராமல் இருந்தவள். ஆனாலும் கேட்டேன்.

"அக்கா, பிள்ளையோட அட்டையக் குடுத்துடுங்க. அம்மாவப் போய்ப் பாக்கட்டும்."

"தொலைச்சிருவான்னு பத்திரமா வச்சிருக்கேன்டி ரெமி. நாங்க சாப்பிடறதத்தானே இவளும் சாப்பிடறா? எம் பொண்ணு மாதிரி."

"ஐஸால்ல படிக்கிற உங்க பொண்ணோட அட்டை யார் பீரோவுல இருக்கு?"

அவள் கிண்ணத்தைச் சாக்கில் கவிழ்க்க வந்தாள். நான் சாக்கின் வாயை முறுக்கிப் பிடித்தேன். எங்கள் ஊரில் யார் வீட்டு அரிசியையும் யாரும் மறுத்ததில்லை. குடிகாரன் வீட்டுப் பிடியைக்கூட வாங்கியிருக்கிறோம். அவள் முகம் வெளுத்துப்போனது.

"இந்த அரிசி வேணாம்க்கா. ஏன்னு சபையில கேட்டா சொல்லுவேன்."

"அப்புறம் உன்னை யாரு சங்கத்துல வச்சிருப்பா?"

"வைக்கலேன்னா போறேன்."

ஸோதான்புயி கிண்ணத்தோடு உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. அட்டையும் போனும் பார்தியல் கைக்கு வந்தன.

அன்றைய வண்டி போய்விட்டது; மறுநாள் ஞாயிறு, வண்டி எதுவும் ஓடாது. போதகருக்குப் போன் போட்டேன். காரணம்கூடக் கேட்காமல், "ஜீப்ப எடுத்துட்டு வர்றேன்" என்றார். அதுவரை பார்தியலை என் வீட்டில் உட்காரச் சொன்னேன்.

தேநீருக்கு அடுப்பைப் பற்றவைத்துத் திரும்புவதற்குள், அவள் தொட்டியருகே நின்று காலையில் நான் போட்டுவைத்திருந்த பாத்திரங்களைக் கழுவ ஆரம்பித்திருந்தாள். விடும்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவள் மூன்றாவது தட்டை எடுக்கும்வரை அது வெளியே வரவில்லை. அவ்வளவு சுகமாக இருந்தது.

வாசலில் ஜீப் வந்து நின்றது. அட்டை அவளுடைய இடுப்பு மடியில்தான் இருந்தது. ஈரக் கையோடு அவள் திரும்பி, நான் போகலாமா என்று அனுமதி கேட்பதுபோல் என் முகத்தைப் பார்த்தாள்.